ஆறு ரவைகள்: அவசரகாலச் சட்டமும் மலாயாத் தமிழர் இருவரும்

மன்னார்த் தீவில் தோட்டவெளி என்னும் எமது சிற்றூரின் பெயரைக் கேட்ட வேற்றூர் நண்பர் ஒருவர், "துவக்குத் தோட்டாவுக்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு?" என்று ஒருமுறை வினவினார். தொடர்பு எதுவுமில்லை. எமது ஊரின் பெயரில் அமைந்திருப்பது தோட்டம்; தோட்டா அன்று. 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் உயிரிழந்த மன்னார்க் கிறித்தவர்களின் நினைவைப் போற்றும் ஆலயத்தினாலேயே இவ்வூர் பெயர் பெற்றது. ஆயினும், அந்நண்பரின் வேடிக்கைக் கேள்வி சில காலத்தின் பின் எமது வீட்டு வளவிலேயே மெய்யாயிற்று.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த வேளை அது. அம்மம்மாவின் வளவில் பட்டுப்போன வடலி ஒன்றின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்த மாமாவின் மண்வெட்டி துருப்பிடித்த தகரப்பேணி ஒன்றில் தட்டிற்று. உள்ளே சில துப்பாக்கி ரவைகள். வெற்றுக் கோதுகள் அல்ல, வெடிக்காதவை. போர்க்காலத்தில் எவர் புதைத்துச் சென்றாரோ! மாமா அவற்றை எடுத்துச் சென்று பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றார். அப்பா மறுத்தார். "கையில எடுத்தா அது எங்கட எண்டு ஆயிடும். போற வழியில மறிச்சா என்ன சொல்லுவாய்?" என்றார். அம்மம்மாவோ இரவோடிரவாகக் கடலில் எறியுமாறு சொன்னார். மூவர் கூறியவற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால், அன்று இரவு என்னை உறங்கவிடாது செய்தது அப்பாவின் கேள்விதான். ஒப்படைக்கச் செல்பவனுக்கும் ஒளித்து வைத்திருப்பவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சட்டம் எவ்வாறு அறிகின்றது? இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்தே பிறந்தது. விடையைத் தேடிச் சென்றபோது அது என்னை 1949ஆம் ஆண்டின் கோலாலம்பூருக்கு இட்டுச் சென்றது.

முதலில், அமைதிக்காலச் சட்டத்தின் நிலைப்பாட்டைச் சிறிது நோக்குதல் வேண்டும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, மெக்காலே பிரபு வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தது. அதன் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரையுள்ள பகுதி தற்காப்புரிமையை விரித்துரைக்கின்றது. உயிருக்கோ உடலுக்கோ கொடிய ஊறு நேருமென்று நியாயமாக அஞ்சும் ஒருவன், தாக்க வருபவனைக் கொல்லவும் சட்டம் இடந்தருகின்றது. ஆயின், அவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய ஊறு விளைவிக்கவும் இடமில்லை. அதாவது, தற்காப்பு என்பது அந்த நேரத்துக்குரிய உரிமை. ஆபத்து எதிரே வந்து நிற்கும்போது பிறந்து, அது நீங்கியதும் மறைவது.

துவக்கும் ரவையும் வைத்திருத்தல் வேறொரு விடயம். அஃது உரிமத்தின்பாற்பட்டது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்கு வைத்திருப்போர் உரிமம் பெறல் வேண்டுமென்கின்றது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின் வலையிலே ரவைகளும் அகப்படுகின்றன. பன்றி காவலுக்கென உரிமம் பெற்ற துவக்குடைய கமக்காரனாயினும், உரிமம் கூறும் அளவுக்கு மேல் தோட்டா வைத்திருந்தால் அந்த மேலதிகத் தோட்டாவுக்குத் தனியே விடை கூறல் வேண்டும். தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்று அவன் சொல்லலாம். அது தண்டனையின் அளவைக் குறைக்க உதவுமேயன்றிக் குற்றத்தை இல்லாமற் செய்யாது. ஏனெனில், தற்காப்புரிமை செயலை மன்னிக்கின்றதேயன்றிச் சேமிப்பை மன்னிப்பதில்லை. மேலதிக ரவையை எந்நாட்டு நீதிமன்றமும் ஐயக்கண் கொண்டே நோக்கும் காரணமும் இதுதான். துவக்கினுள்ளே கிடக்கும் ரவை அச்சத்தைக் காட்டுகின்றது. பையினுள்ளே கிடக்கும் இரண்டாவது ரவை ஆயத்தத்தைக் காட்டுகின்றது என்று வழக்குத்தொடுநர் வாதிடுவர்.

அமைதிக்காலத்தில் இவ்வளவே. நீதிபதி காரணத்தைக் கேட்பார், சூழலை நோக்குவார், தண்டனையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இவ்வாறு கூட்டிக் குறைக்கும் படிகள் யாவும் ஒரே நாளில் நீக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு மலாயா சான்றாகின்றது.

1948 யூன் 16இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களுக்குள் மலாயாக் கூட்டாட்சி முழுவதும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, சட்டபூர்வ அதிகாரமின்றிச் சுடுகலன் காவுவது மரணதண்டனைக்குரிய குற்றம். ரவை வைத்திருப்பது அதனின் வேறான இன்னொரு குற்றம்; அதற்கும் மரணமே. ரவை ஒன்றா நூறா என்ற கணக்கு இல்லை. எவரையேனும் சுட்டானா என்ற கேள்வியும் இல்லை. அதிகாரமோ நல்ல நோக்கமோ இருந்ததென்று மெய்ப்பிக்கும் சுமை, குற்றஞ்சாட்டப்பட்டவனின் தலைமேலேயே வைக்கப்பட்டது. நீதிபதி அவனது விளக்கத்தை நம்பினால் விடுதலை, நம்பாவிடின் தூக்கு. இடையில் வேறு படி கிடையாது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. இதே காலத்தில் இதே றப்பர்த் தோட்டங்களில் துரைமார் இடுப்பிற் கைத்துப்பாக்கியோடு நடமாடினர். அவர்களுக்கு அரசே ஆயுதம் வழங்கிற்று. சிறப்புக் காவலரும் அமர்த்தப்பட்டனர். அவர்களது அச்சம் உண்மையானதே. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால், இரவில் கிளர்ச்சிக்காரருக்கும் பகலிற் படையினருக்கும் அஞ்சி லயன் அறைகளில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அச்சம் இருந்தது. ஒருவனது அச்சத்துக்கு உரிமம் கிடைத்தது. மற்றவனது அச்சத்துக்குக் கிடைக்கவில்லை. சட்டபூர்வ அதிகாரம் என்ற இரண்டு சொற்களுள் அடங்கியிருந்த சமூக வேறுபாடு இதுவேயாகும்.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிற் பிறந்து, இளவயதிலேயே கடல்கடந்து சென்றவர் எஸ். ஏ. கணபதி. யப்பானியர் ஆட்சிக்காலத்தில் நேதாசியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து பணியாற்றினார். போரின் பின் தொழிற்சங்கப் பணியில் முழுமையாக இறங்கினார். 1947இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் இந்தியரும் மலாயரும் உள்ளடங்கிய பெரும் தொழிலாளர் அமைப்பொன்றுக்குத் தமிழர் ஒருவர் தலைவரானமை அக்காலத்திற் சிறிய செய்தியன்று. 1948 யூனில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி அச்சம்மேளனத்தை ஆங்கில அரசு செயலிழக்கச் செய்தது. அவசரகாலமும் தொடர்ந்தது. கணபதி தலைமறைவானார்.

1949 மார்ச் 1இல் ரவாங்கை அடுத்த வாட்டர்போல் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு ரிவோல்வரும் ஆறு ரவைகளும். அந்த ஆயுதத்தைத் தாம் கண்டெடுத்ததாகவும் பொலிசாரிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாகவும் அவர் கூறினார் என்பது வழங்கிவரும் செய்தி. மார்ச் 15இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. கைதான நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை இரண்டே வாரங்கள். மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. மே 4ஆம் நாள் புடுச் சிறையிலே அவர் தூக்கிலிடப்பட்டார். மார்ச் முதல் நாளிலிருந்து எண்ணினால் 64ஆம் நாள். முந்திய நாளாகிய மே 3இல் அதே தொழிற்சங்க இயக்கத்தின் மற்றொரு தமிழ்த் தலைவரான வீரசேனன் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இவ்வழக்கு ஓர் ஊர்ச் செய்தியாக அடங்கிவிடவில்லை. மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜோன் திவி கணபதியின் உயிரைக் காப்பாற்ற முயன்றார். இந்திய அரசாங்கமும் வேண்டுகோள் விடுத்தது. அதே ஏப்பிரில் மாதக் கடைசியில் நேரு இலண்டனில் இருந்தார். குடியரசாகும் இந்தியா பொதுநலவாயத்தில் நீடிக்க வழிசெய்த மாநாடு அப்போதுதான் நடந்தது. அம்மாநாடு முடிந்து ஒரு வாரம் ஆவதற்கிடையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொதுநலவாயத்தின் புதிய குடும்ப உறவு ஒரு தமிழனின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தவில்லை என்று அக்காலத்துத் தமிழகத்தில் மனம் வெதும்பியோர் பலர்.

கணபதியின் விளக்கத்தை நாம் நம்பலாமா? அவரைப் போற்றி எழுதுவோர் முற்றாக நம்புகின்றனர். எதிர்த்து எழுதுவோர் முற்றாக மறுக்கின்றனர். வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு இரண்டும் உவப்பில்லை. அரசினால் தேடப்பட்டுத் தலைமறைவாக இருந்த தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், கண்டெடுத்த ஆயுதத்துடன் தாமாகவே பொலிசாரை நாடிச் சென்றார் என்பதை எளிதில் நம்பவியலாது. தம் உயிரைக் காக்கவே அதனை வைத்திருந்தார் எனக் கொள்வதே அக்காலச் சூழலுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகின்றது. ஆனால், அப்படியே அவர் நீதிமன்றத்திற் சொல்லியிருந்தாலும் பயனில்லை. தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பது அந்த ஒழுங்குவிதியின்கீழ் எதிர்வாதமே அன்று. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். உயிர்தப்ப எஞ்சியிருந்த ஒரே வழி, ஒப்படைக்கக் கொண்டு சென்றேன் என்பதுதான். சட்டம் திறந்து வைத்த ஒரே வாயிலை நோக்கித்தான் எவனும் ஓடுவான். ஆகவே, அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராய்வதிலும், மெய் வேறாக இருந்திருப்பின் அதைச் சொல்ல அவருக்கு இடம் இருந்ததா என்று ஆராய்வதே கூடிய பயன் தரும் என எண்ணுகின்றேன்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. ரிவோல்வர் என்பது பெரும்பாலும் ஆறு அறைகளைக் கொண்டது. ஆறு ரவைகள் என்பன அதனை ஒருமுறை நிரப்பும் அளவே. மேலதிகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அமைதிக்கால நீதிபதி ஒருவர் அவ்வெண்ணைச் சிந்தித்திருக்கலாம். 1949இல் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

கணபதியின் கதையைத் தமிழர் ஓரளவு அறிவர். அதே காலத்திற் சிக்கிய மற்றொரு தமிழரான சாம்பசிவத்தின் வழக்கைச் சட்டபீடத்தார் அன்றி ஏனையோர் அறியார். எனது நோக்கில் அதுவே வியப்பு மிக்கது. ஏனெனில், அங்கே ரவைகளே ஒரு மனிதனைக் காப்பாற்றின.

1948 செப்டெம்பரில் ஜொகூர் மாநிலத்தில் சீனர் இருவருடன் சென்றுகொண்டிருந்த சாம்பசிவம், வழியில் மலாயர் சிலரை எதிர்ப்பட்டார். கைகலப்பு மூண்டது. சீனர் ஒருவர் இறந்தார். சாம்பசிவம் கடுங்காயத்துடன் பிடிபட்டார். சுடுகலன் காவியமைக்கு ஒரு குற்றச்சாட்டும், ரவைகள் வைத்திருந்தமைக்கு இன்னொரு குற்றச்சாட்டும் அவர்மீது சுமத்தப்பட்டன. மலாயாவில் அன்று இத்தகைய வழக்குகளில் நீதிபதியுடன் அசெசர்கள் எனப்பட்ட இருவர் அமர்ந்து தம் கருத்தைக் கூறுவர். யூரிகளைப் போல் இவர்களின் முடிவு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. சாம்பசிவம் இரு குற்றங்களையும் செய்யவில்லை என்றே அசெசர்கள் கருத்துரைத்தனர். ரவைகள் பற்றிய குற்றச்சாட்டில் நீதிபதி அதனை ஏற்று அவரை விடுவித்தார். சுடுகலன் பற்றிய குற்றச்சாட்டில் அவர்களுடன் முரண்பட்டு மறுவிசாரணைக்கு ஆணையிட்டார்.

மறுவிசாரணையிற் புதியதொரு சான்று முன்வைக்கப்பட்டது. அது சாம்பசிவம் கொடுத்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம். துப்பாக்கியையும் ரவைகளையும் தாம் வைத்திருந்ததாக அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. இம்முறை அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு மரணதண்டனை பெற்றார். மலாயாவில் மேன்முறையீடும் தோல்வியுற்றது. வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தை அடைந்தது.

1950இல் மக்டேர்மொட் பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரத்தை என் சொற்களிற் சொல்வேன். ரவைகள் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து ஒருவன் விடுவிக்கப்பட்டால், அதே குற்றத்துக்காக அவனை மீண்டும் விசாரிக்கக்கூடாது என்பது மட்டும் அதன் பொருளன்று. அத்தீர்ப்பு அவனுக்கும் அரசுக்கும் இடையே பின்னர் எழும் எல்லா வழக்குகளிலும் முடிந்த முடிபாகும். அவன் ரவை வைத்திருக்கவில்லை என்பதை அரசு ஏற்றே ஆகவேண்டும். அவ்வாறிருக்க, துப்பாக்கியும் ரவையும் தன்னிடம் இருந்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தை முன்வைத்த அரசு, அதன் பாதி பொய்யென ஏலவே தீர்ந்துவிட்டதை அசெசர்களுக்கு உணர்த்தவில்லை. பாதி பொய்யான வாக்குமூலத்தின் மறுபாதியை எங்ஙனம் நம்புவது? தண்டனை நீக்கப்பட்டது.

சில ரவைகளை வைத்திருந்ததாக ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்ப விழைந்த சட்டம், அவற்றை அவன் வைத்திருக்கவில்லை என்று தானே முன்னர் சொன்ன சொல்லிலே கால் இடறி வீழ்ந்தது. கணபதிக்கு 64 நாட்கள் கிடைத்தன. சாம்பசிவத்துக்கு இரண்டாண்டளவு காலம் கிடைத்தது. அந்தக் காலமே அவரைக் காத்ததென்று நான் கருதுகின்றேன்.

இத்தீர்ப்பு கடல்கடந்து வேரூன்றிற்று. இந்திய உச்சநீதிமன்றம் 1955இல் பிரீதம் சிங் வழக்கில் இதனைப் பின்பற்றியது. ரிவோல்வர் வைத்திருந்த குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர்மீது, அதே ரிவோல்வரைச் சான்றாகக் காட்டிக் கொலைக்குற்றத்தை நிறுவவியலாது என்று அம்மன்று கூறிற்று. 1964இல் மணிப்பூர் நிருவாகத்திற்கும் தோக்சோம் பீரா சிங்கிற்கும் இடையிலான வழக்கிலும் அதே நெறி வலியுறுத்தப்பட்டது.

மலாயாவில் அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. ஆனால், அந்த ஒழுங்குவிதி முடியவில்லை. அதே ஆண்டில் ஆக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவாக அது மறுபிறவி எடுத்தது. பாதுகாப்புப் பிரதேசம் எனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடத்திற் சுடுகலனோ ரவையோ வைத்திருந்தால் மரணம். 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கூட இவ்வாறு மரணதண்டனை விதிக்கப்பட்டு, உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்தின் பின்னர் அது மாற்றப்பட்டது. அச்சட்டம் 2012இலேயே நீக்கப்பட்டது.

பாதுகாப்புப் பிரதேசம் என்ற அந்தச் சொல்லை எமது நாட்டவரும் நன்கறிவர். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதே சொல்லைக் கையாள்கின்றது. பாதுகாப்புப் பிரதேசத்தினுள் சட்டபூர்வ அதிகாரமின்றிச் சுடுகலனோ ரவையோ வெடிபொருளோ வைத்திருத்தல் அதன் 2ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஐந்தாண்டுக்குக் குறையாததும் இருபதாண்டுக்கு மேற்படாததுமான சிறை. மலாயாவிலிருந்து இச்சொல் நேரே இங்கு வந்தது என்று நிறுவ நான் முற்படவில்லை. ஆனால், இரு சட்டங்களும் ஓரச்சில் வார்த்தவை போலவே உள்ளன. தூக்குக் கயிறு இங்கே இல்லை என்பது பெரிய வேறுபாடே. ஆயினும், 16ஆம் பிரிவை நோக்குங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குரியது. சாம்பசிவத்தின் வாக்குமூலத்தைக் கோமறைக் கழகம் துருவித் துருவி ஆராய்ந்த கதையைப் படித்தபின் இப்பிரிவைப் படிப்பவர்க்கு ஒரு கணம் நெஞ்சம் துணுக்குறும்.

தற்காப்புக்கென ஆயுதம் வைத்திருந்ததாக எழும் வாதத்தை அண்மைக் காலத்தில் உலகறியச் செய்தது நடிகர் சஞ்சய் தத்தின் வழக்கு. 1993ஆம் ஆண்டுப் பம்பாய்க் கலவர நாட்களிற் குடும்பத்தைக் காக்கவே துப்பாக்கி வைத்திருந்ததாக அவர் கூறினார். பயங்கரவாதக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. ஆனால், ஆயுதச் சட்டத்தின்கீழ் 2007இல் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2013இல் உச்சநீதிமன்றம் அதனை ஐந்தாண்டாகக் குறைத்தது. காரணம் அங்கு கேட்கப்பட்டது, தண்டனையின் அளவும் எடைபோடப்பட்டது. குற்றம் மட்டும் நீங்கவில்லை. புகழ் மிக்கவராயினும் பதில் அதுவே.

எமது வளவுக் கேள்விக்கு இதனைவிட நேரான விடையை 1972ஆம் ஆண்டுக் குன்வந்த் லால் வழக்கிற் கண்டேன். வைத்திருத்தல் என்பது கையில் இருப்பது மட்டுமன்று. இருப்பதை அறிந்திருத்தலும், அதன்மீது ஆளுகை உடைத்தாதலும் வேண்டுமென்று இந்திய உச்சநீதிமன்றம் அதிற் கூறிற்று. இந்நெறி கொண்டே, விமானநிலையத்திற் பயணப்பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்ட பயணிகள் பலர்மீதான வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்துள்ளது. அறியாமற் கிடந்த ரவை குற்றமன்று. ஆனால், மாமாவின் மண்வெட்டி தகரப்பேணியில் தட்டிய அக்கணத்திலிருந்து நாங்கள் அறிந்தவர்களாகிவிட்டோம். அப்பா அஞ்சியது இதைத்தான். சட்டம் படித்தவரல்லர் அவர்; போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் நின்று படித்தவர்.

அப்பாவின் சொல்லே இறுதியில் வென்றது. பேணியை இருந்த இடத்திலேயே விட்டு, அதன்மேல் பழைய மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்தார்கள். கிராம அலுவலருக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டது. அம்மம்மா ஆட்டை வேறு மரத்திற் கட்டினார். மூன்றாம் நாள் சீருடையினர் வந்து பேணியை எடுத்துச் சென்றனர். எத்தனை ரவைகள் என்று அவர்கள் கேட்டபோது எவருக்கும் தெரியவில்லை. எண்ண வேண்டுமாயின் தொடவேண்டும் என்பதால் எங்களில் ஒருவரும் எண்ணியிருக்கவில்லை.